எர்கோனாமிக் சேர் வாங்கியும் கழுத்துவலி ஏன் போகவில்லை? கணினி மேசையை உடம்புக்கு ஏற்ப அமைக்கும் முறை

அலுவலகத்தில் பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு, முதுகில் வலைத்துணி போட்டு அடியில் நாலைந்து நெம்புகோல் வைத்த புது நாற்காலிகளைப் போடுகிறார்கள். பெட்டியில் 'எர்கோனாமிக்' என்று எழுதியிருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கழுத்துவலி அப்படியே இருக்கிறது, சிலருக்குப் புதிதாகத் தொடை வேறு மரத்துப்போகிறது. அப்படியானால் எர்கோனாமிக்ஸ் என்பதே விற்பனைக்காகச் சொல்லும் வார்த்தைதானா?

இல்லை, விஷயம் உண்மையானது. ஆனால் அதை நாற்காலியில் மட்டும் தேடினால் கிடைக்காது. நாற்காலி, மேசை, கீபோர்டு, திரை இந்த நான்கும் ஒன்றுக்கொன்று எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். அதிலும் மேசை உயரம் பொருந்தாமல் இருந்தால் மற்ற மூன்றையும் எவ்வளவு திருகினாலும் சரிவராது. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எர்கோனாமிக்ஸ் என்றால் என்ன

கிரேக்க மொழியில் எர்கோன் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. போலந்து அறிஞர் வோய்ச்சேக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-லேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார், ஆனால் அன்று அது பரவவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-ல் பிரிட்டனில் ஆய்வாளர்கள் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தபோதுதான் தனித் துறையாக நிலைபெற்றது. தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். கருவியையும் வேலையையும் மனித உடம்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும், கருவிக்காக உடம்பை வளைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இப்படிப் பார்த்தால், ஒரு பொருளைத் தனியாகக் காட்டி 'இது எர்கோனாமிக்' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. 185 செ.மீ. உயரம் உள்ளவருக்குக் கச்சிதமாக இருக்கும் நாற்காலியில் 152 செ.மீ. உள்ளவர் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. யாருக்கு, எந்த மேசையோடு, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

## எடையே தூக்காத வேலையில் ஏன் வலி வருகிறது

மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலித்தால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நாள் முழுக்க மவுஸை நகர்த்துகிறவருக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? இங்கேதான் பலரும், ஏன், சில மேலாளர்களும், 'சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன வலி' என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

தசை சுருங்கி விரியும்போது ரத்தம் உள்ளே வந்து வெளியே போகிறது. சுருங்கிய நிலையிலேயே தசையைப் பிடித்து வைத்திருந்தால் அந்த ஓட்டம் குறையும், களைப்பு தேங்கும். இதை நிலைச்சுமை என்பார்கள். சுமை சிறியதாக இருக்கலாம், ஆனால் இறக்கி வைக்கப்படுவதே இல்லை.

இதற்கு ஒரு படி ஆழமான விளக்கமும் இருக்கிறது. ஒரு தசைக்குள் இழைகள் தொகுதி தொகுதியாக இருக்கும். லேசான வேலை என்றால் சிறிய தொகுதிகள் மட்டும் முதலில் இயங்கத் தொடங்கும். வேலை கடினமாகும்போதுதான் பெரியவை சேரும். தசை முழுதாகத் தளரும்வரை அந்தச் சிறிய தொகுதிகளுக்கு விடுப்பே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிற பெண்ணின் நிலைமைதான். அதனால்தான் ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹெக் 1991-ல் முன்வைத்த இந்த விளக்கத்துக்கு 'சிண்ட்ரெல்லா கருதுகோள்' என்று பெயர். இது இன்னும் கருதுகோள்தான், ஆனால் லேசான வேலை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வலது கையை மவுஸ் மேல் வையுங்கள். இடது கை விரல்களைக் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையின் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். இப்போது வலது தோளை 2 செ.மீ. மட்டும் உயர்த்துங்கள். விரலுக்கடியில் சதை கயிறு போல இறுகும். தோளை விட்டால் மாவு போலத் தளரும். மேசை உங்கள் முழங்கையைவிட உயரமாக இருந்தால், இறுகிய அந்த நிலையில்தான் தினமும் 8 மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள். பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

## 'நிமிர்ந்து 90 டிகிரியில் உட்கார்' என்பது சரியா

முழங்கை, இடுப்பு, முழங்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அளவெடுக்க அது நல்ல தொடக்கம், நாள் முழுக்க அப்படியே இருப்பதற்கு உகந்ததல்ல.

1953-ல் ஜே.ஜே. கீகன் என்ற மருத்துவர் பல்வேறு நிலைகளில் எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்து, உட்காரும்போது கீழ்முதுகின் இயல்பான வளைவு எப்படித் தட்டையாகிறது என்று காட்டினார். தொடை 90 டிகிரி மடங்கும்போது அந்த மடக்கு முழுவதும் இடுப்பு மூட்டில் நடப்பதில்லை. ஒரு பகுதி இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, கீழ்முதுகின் வளைவு குறைவதால் கிடைக்கிறது. அதனால்தான் செங்கோணத்தில் விறைப்பாக உட்கார்ந்தவர் பத்து நிமிஷத்தில் தானாகவே கூன் போட்டுவிடுகிறார். தொடைக்கும் உடம்புக்கும் நடுவில் 100 முதல் 110 டிகிரி வரை திறந்து, முதுகை நாற்காலியின் சாய்மானத்தில் நன்றாகக் கொடுத்து உட்கார்ந்தால் அந்த வளைவைக் காப்பது எளிது.

உட்கார்ந்தாலே முதுகெலும்பு டிஸ்குக்கு, அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டுக்கு, நிற்பதைவிட அதிக அழுத்தம் என்று ஒரு தகவலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் முன்பு எடுத்த அளவீடுகளிலிருந்து வந்தது. 1999-ல் ஹான்ஸ்-யோவாகிம் வில்கேயும் குழுவினரும் ஒருவரின் டிஸ்க்கில் நேரடியாக அளவெடுத்தபோது, நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலும், சாய்மானம் இல்லாமல் இயல்பாக உட்காரும்போது 0.46 மெகாபாஸ்கலும் பதிவாயின. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் உட்காருவதே நோய் என்று பயமுறுத்துகிற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை. அசையாமல் உட்காருவதுதான் பிரச்சினை. வளர்ந்தவர்களின் டிஸ்க்குகளுக்குள் ரத்தக்குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்துதான் ஊட்டம் ஊறி உள்ளே போக வேண்டும். நிலை மாறி மாறி அழுத்தம் கூடிக் குறைவது அந்த ஓட்டத்துக்கு உதவும்.

## மேசை உயரம்: முழங்கைதான் அளவுகோல்

சாதாரண அலுவலக மேசைகள் 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் நிலையாகச் செய்யப்படுகின்றன. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை சுமார் 40 செ.மீ., செருப்புக்கு 2 செ.மீ., இருக்கையிலிருந்து தொங்கும் கையின் முழங்கை வரை சுமார் 23 செ.மீ. கூட்டினால் 65. அதாவது கால் தரையில் பதிய அவர் உட்கார்ந்தால் முழங்கை 65 செ.மீ. உயரத்தில் இருக்கும், மேசைப் பரப்போ 74-ல் இருக்கும், அதன் மேல் கீபோர்டின் கனம் வேறு. கிட்டத்தட்ட 10 செ.மீ. வித்தியாசம். அந்த 10 செ.மீ.யை எங்கே ஈடுகட்டுவது? தோளைத் தூக்கித்தான். முன்னால் சோதித்துப் பார்த்தது வெறும் 2 செ.மீ.

சரி, நாற்காலியை உயர்த்தலாமே என்றால், உயர்த்தலாம், ஆனால் கால் தொங்கும். தொங்கும் கால்களின் எடை இருக்கையின் முன் விளிம்பு வழியாகத் தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். புது நாற்காலியில் தொடை மரத்துப்போனதாக ஆரம்பத்தில் சொன்னது பெரும்பாலும் இதனால்தான். இங்கே தேவைப்படுவது கால்மணை, அதாவது காலடியில் வைக்கும் ஒரு சாய்வுப் பலகை. இருப்பதிலேயே மலிவான பொருள், பெரும்பாலான அலுவலகங்களில் இல்லாத பொருளும் அதுதான்.

எனவே அமைக்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. தோளைத் தளரவிட்டு, மேல்கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். முழங்கை கீபோர்டின் உயரத்துக்கு வரும்வரை, அல்லது ஓரிரு செ.மீ. மேலே வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் படுகிறதா என்று இப்போது பார்க்க வேண்டாம்.
2. அப்புறம் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த உயரத்துக்குக் கால்மணை வையுங்கள். பாதம் முழுதாகப் பதிய வேண்டும், முன்பாதம் மட்டும் பட்டால் போதாது.
3. நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தபின், இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். ஆழத்தைக் குறைக்கும் வசதி இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை வைத்துக்கொள்ளலாம்.
4. சாய்மானத்தில் முன்னால் புடைத்திருக்கும் பகுதி பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். அதைவிட மேலே இருந்தால் முதுகை முன்னால் தள்ளிவிடும்.
5. கைப்பிடி முழங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே தள்ளவிடாமல் செய்கிறது என்றால், அதைத் தாழ்த்துங்கள் அல்லது கழற்றிவிடுங்கள்.

உயரமானவர்களுக்கு இதற்கு நேரெதிர்ப் பிரச்சினை: மேசை தாழ்ந்து, அவர்கள் குனிய வேண்டியிருக்கும். அவர்களுக்கு மேசைக் கால்களின் அடியில் உறுதியான கட்டைகள் வைத்து உயர்த்துவதுதான் வழி.

## கீபோர்டும் மவுஸும்

கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மடக்கி வைக்கும் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். பலர் அவற்றை நிமிர்த்தி வைத்துத்தான் தட்டச்சு செய்கிறார்கள். அப்போது கீபோர்டின் பின்புறம் உயர்ந்து, கை மணிக்கட்டில் மேல்நோக்கி மடங்குகிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. கை மேல்நோக்கி மடங்கும்போது அந்த வழிக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்தக் கால்களை மடக்கிவிடுங்கள். செலவில்லாத மாற்றம், இன்றைக்கே செய்யலாம்.

அடுத்து, கீபோர்டின் நடுவை உடம்பின் நடுவோடு பொருத்தக் கூடாது. வலது ஓரத்தில் எண் பகுதி இருக்கும் கீபோர்டில் எழுத்துகளின் நடு வேறு, பலகையின் நடு வேறு. எழுத்துப் பகுதியில் 'B' விசை தொப்புளுக்கு நேராக வரட்டும். அப்படி வைத்தால் எண் பகுதி வலப்பக்கம் நீண்டு மவுஸை இன்னும் வெளியே தள்ளும். அதைப் பிடிக்கக் கை உடம்பைவிட்டு விலகி நீளும், அதே கழுத்துத் தசைக்குத்தான் மறுபடியும் வேலை. நாள் முழுக்க எண்களை அடிக்காதவருக்கு எண் பகுதி இல்லாத குட்டை கீபோர்டு கொடுப்பது நல்லது. விசைகளில் கலர் விளக்கு எரியும் கீபோர்டைவிட இதற்குப் பணம் செலவழிக்கலாம்.

மவுஸ் கீபோர்டை ஒட்டியே, அதே உயரத்தில் இருக்கட்டும். மணிக்கட்டை ஓரிடத்தில் ஊன்றி விரலால் மட்டும் இழுப்பதைவிட முன்கை முழுவதையும் நகர்த்திப் பழகுங்கள். மணிக்கட்டுக்கு வைக்கும் மெத்தை தட்டச்சுக்கு நடுவில் ஓய்வெடுக்கத்தான், தட்டச்சு செய்யும்போது ஊன்ற அல்ல.

## திரை

நாற்காலியும் கையும் சரியான பிறகுதான் திரைக்கு வர வேண்டும். நாற்காலி உயர்ந்தால் கண்ணும் உயர்ந்துவிடும். முதலிலேயே திரையை வைத்தால் மறுபடி மாற்ற வேண்டிவரும்.

1. தூரம்: சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற அளவு, சுமார் 50 முதல் 70 செ.மீ. எழுத்து தெரியவில்லை என்று முகத்தை முன்னால் நீட்டாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள்.
2. உயரம்: திரையின் மேல் வரி கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே. கண்ணுக்குச் சற்றுத் தாழ்ந்து பார்ப்பதுதான் சுகம்.
3. திசை: இரண்டு திரை இருந்து ஒன்றையே அதிகம் பார்ப்பீர்கள் என்றால் அது நேர் எதிரே, இரண்டாவது அதன் பக்கத்தில் உங்களை நோக்கித் திரும்பி. இரண்டையும் சமமாகப் பார்ப்பவர் இரண்டும் சேரும் இடத்தை நடுவில் வைக்கலாம்.
4. வெளிச்சம்: ஜன்னல் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், உங்களுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். எழுதிப் படிக்கும் அலுவலக வேலைக்கு ஐரோப்பியத் தரநிலை சொல்வது 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு).

இரண்டாவது விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் திரையைப் படிக்க வேண்டும். திரை கண் மட்டத்தில் இருந்தால் அவர்கள் மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பின்னால் மடக்கிக்கொண்டே இருப்பார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். அவர்களுக்குத் திரையை நன்றாகவே தாழ்த்த வேண்டும், முடிந்தால் திரைத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வாங்கித்தர வேண்டும்.

கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் சிமிட்டாமல் பார்ப்பது. 1993-ல் ஜப்பானிய மருத்துவர்கள் ட்சுபோட்டாவும் நகமோரியும் எண்ணிப் பார்த்தபோது, ஓய்வாக இருக்கையில் நிமிஷத்துக்குச் சராசரி 22 முறை சிமிட்டியவர்கள் புத்தகம் படிக்கையில் 10 முறையும், திரையில் படிக்கையில் 7 முறையும்தான் சிமிட்டினார்கள். திரை உயரமாக இருந்தால் இமை இன்னும் அகலத் திறந்து கண் சீக்கிரம் காய்ந்துபோகும். திரையைத் தாழ்த்தச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

## லேப்டாப் ஏன் தனிப் பிரச்சினை

கீபோர்டும் திரையும் ஒட்டிப் பிறந்தவை. கீபோர்டைக் கைக்குப் பொருத்தினால் திரை தாழ்ந்து கழுத்து குனியும். திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை அந்தரத்தில் தொங்கும். எந்தக் கோணத்தில் வைத்தாலும் இரண்டில் ஒன்று கெடும். ஐரோப்பிய நாடுகள் 1990-ல் கொண்டுவந்த 90/270 என்ற திரைப்பணி ஆணையே கீபோர்டு திரையிலிருந்து தனியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. கால்மணை கேட்கும் எவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே ஆணையில் இருக்கிறது. லேப்டாப் கொடுக்கும் அலுவலகம் கூடவே ஒரு தாங்கி, தனி கீபோர்டு, தனி மவுஸ் மூன்றையும் கொடுத்தாக வேண்டும். இதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை, அந்தக் கருவியின் விடுபட்ட பாகங்களாகத்தான் பார்க்கிறேன்.

## நின்று வேலை செய்தால் தீருமா

பாதிதான் தீரும். உயரம் மாற்றக்கூடிய மேசையின் உண்மையான பயன், அதை எவருடைய முழங்கைக்கும் பொருத்தலாம் என்பது. உட்காரும்போதும் அது பொருந்தும். நாள் முழுக்க நின்றாலும் கால் வீங்கும், கீழ்முதுகு வலிக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் எழுந்து நடப்பது, மாலையில் மொத்தமாக எடுக்கும் நீண்ட இடைவேளையைவிட மேல். தொலைபேசி வந்தால் எழுந்து பேசுங்கள், சிறிய தம்ளரில் தண்ணீர் வையுங்கள். நிரப்ப எழுந்துதானே ஆக வேண்டும்.

## எந்த விரல் மரத்துப்போகிறது என்று கவனியுங்கள்

1. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி: மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பி, கையை உதறினால் சரியாகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.
2. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும்: பெரும்பாலும் முழங்கையில் பிரச்சினை. மேசையின் கூரான விளிம்பிலோ கெட்டியான கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. கழுத்தில் தொடங்கிக் கைவரை இறங்கும் வலி, பிடியில் பலம் குறைந்து பொருட்கள் நழுவுவது: இதற்கு மேசையைத் திருத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

எல்லா மரத்துப்போதலுக்கும் கணினிதான் காரணம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றிலும் மணிக்கட்டு நரம்பு நசுங்கலாம். அதற்காகத்தான் மருத்துவர்.

## அலுவலகம் எங்கே தொடங்க வேண்டும்

எல்லோருக்கும் ஒரே விலையுயர்ந்த நாற்காலி வாங்குவது கடைசிப் படியாக இருக்கட்டும். முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகப் போய், மேசை உயரத்தையும் அங்கே உட்காருகிறவரின் முழங்கை உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிஷம் போதும். வித்தியாசம் அதிகமாக இருக்கும் இடங்களுக்குக் கால்மணை, லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் தாங்கியும் கீபோர்டும், இரட்டைப் பார்வைக் கண்ணாடிக்காரர்களுக்குத் தாழ்த்தக்கூடிய திரைத் தாங்கி. இதற்கெல்லாம் பிறகு பணம் மிச்சமிருந்தால் நாற்காலி.

ஷிஃப்ட் முறையில் ஒரே இருக்கையைப் பலர் பயன்படுத்தும் இடங்களில், நாற்காலியின் நடுத்தண்டில் செ.மீ. குறித்த ஒரு பட்டையை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால், உட்கார்ந்ததும் நெம்புகோலைப் பிடித்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுவர அரை நிமிஷம்கூட ஆகாது. கால்மணையை மட்டும் யாரும் வேறு மேசைக்கு எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.